நாலு டிகிரி

பாளையங்கோட்டையில் வெயில் நூற்றியாறு.
ஸ்வெட்டரும் மங்கி கேப்புமாக பஸ்ஸுக்கு நிற்கிறேன்.
டீக்கடை சொரிமுத்து கேட்கிறார்,
"என்னக்கா, கொடைக்கானலா?"
இல்லை, அபிஷேகப்பட்டி.
அங்கே ஒரு குளிரறை இருக்கிறது.
அதற்குள் ஒருவர் இருக்கிறார்,
வயது முப்பதாயிரம்.

சைபீரியாவில் ஆற்றோர மேட்டைத் துளைத்து எடுத்த
உறைமண் பனி.
என் பங்கு கட்டைவிரல் நீளம்.
சுங்கத்தில் பதினோரு நாள் கிடந்தது.
மேல்தோலைச் சீவி எறிந்துவிட்டு
உள்ளே யார் மூச்சும் படாத பனியை உருக்கினேன்.
ஒரு ஸ்பூன் தண்ணீர்.
லேசாகச் சேற்று வாசம்.

தட்டில் பரப்பி வைத்தேன்.
ஒரு வாரம், ஒன்றுமில்லை.
இரண்டாவது வாரமும்.
மற்றதெல்லாம் இருபது நிமிஷத்தில் ரெண்டாகும்,
விடிவதற்குள் ஊராகும்.
இது ஒன்று ரெண்டாவதற்கு
முக்கால் நாள் எடுத்துக்கொள்கிறது.
இருபத்துமூன்றாம் நாள்
கடுகில் பாதி, பனங்கிழங்கு நிறத்தில்.
முதலில் பார்த்தது நானல்ல,
லேப் துடைக்க வந்த சலேத்மேரி.
"வந்துட்டாரு மேடம், சாவகாசமா."
தட்டு எண் பதினேழின் மேல்
பிளாஸ்திரி ஒட்டி எழுதினேன்: சாவகாசம்.

மரபணுவில் ஒரு துண்டு. ஆயிரத்தைந்நூறு எழுத்து,
நாலே எழுத்தைத் திருப்பித் திருப்பி எழுதியது.
பெயர் வாங்கிய உறவுகள் எல்லாவற்றோடும்
ஒத்துப்பார்த்தேன்.
நெருங்கிய பங்காளி அண்டார்டிகாவில்,
நூற்றுக்குத் தொண்ணூற்றேழு.
தொண்ணூற்றெட்டே முக்காலுக்குக் கீழே போனால்
புது இனமாக இருக்கலாம் என்கிறது விதி.
இருக்கலாம்.
அந்த 'லாமி'ல் எட்டு மாசம் குடியிருந்தேன்.

எந்தச் சர்க்கரை தின்னும், எவ்வளவு உப்புத் தாங்கும்,
பெராக்ஸைடு சொட்டினால் நுரைக்குமா.
நுரைத்தது.
பதினெட்டு டிகிரியில் வளரும்,
இருபத்திரண்டில் தயங்கும்,
இருபத்தைந்தில் செத்துப்போகும்.
எங்கள் ஊரில்
இருபத்தைந்துக்குப் பெயர் குளிர்.

அப்புறம் அந்த ராத்திரி.
பேட்டைப் பக்கம் டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை,
டீசலுக்கான ஃபைல் யாருடைய மேஜையிலோ.
தெர்மாமீட்டர் ஆறு என்றது, ஒன்பது என்றது,
பதிமூன்று.
ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு
மேலப்பாளையம் ஐஸ் கம்பெனிக்குப் போனேன்.
காஜா முகைதீன் லுங்கியை இறக்கிக் கட்டிக்கொண்டு
கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தார்.
"கல்யாணமா, மையத்தாம்மா?"
இந்த நேரத்தில் ஐஸ் கேட்பவர்களுக்கு
வேறு காரணம் கிடையாதாம்.
ரெண்டுமில்லை, ஒரு கிருமி, என்றேன்.
"நோய்க்கிருமியா?"
யாரையும் ஒன்றும் செய்யாது பாய்.
குளுகுளுவென்று இருந்தால் போதும் அதற்கு.
"நமக்கும் அவ்வளவுதானே வேணும்" என்று
உமியைத் தட்டிவிட்டு
அரைப் பாளம் கூடவே ஏற்றினார் லோடு ஆட்டோவில்.

முந்தாநாள் வரை தாமிரபரணியில் ஓடிய தண்ணீர்
நாலரைப் பாளமாகத் தட்டு பதினேழைச் சுற்றி உட்கார்ந்து
ராத்திரி முழுக்க உருகியது.
சலேத்மேரி வாளி வாளியாகப் பிடித்து
வாசல் வேம்புக்கு ஊற்றினாள்.
நாலரைக்குக் கரண்ட் வந்தது.
தெர்மாமீட்டரில் பத்து.
தட்டைத் தூக்கி விளக்கில் பார்த்தேன்.
ஒன்றும் நடக்காதது போல இருந்தார்.

லத்தீனில் பெயர் வைத்தாயிற்று,
தாமதமாய் வருவது என்று அர்த்தம்.
ரெண்டு நாட்டுக் காப்பகங்களுக்கு
ரெண்டு குப்பிகள் போய்ச்சேர்ந்தன.
கட்டுரைக் கடைசியில், நன்றி என்ற தலைப்பின் கீழே,
சலேத்மேரிக்கு அடுத்தபடி எழுதியிருந்தேன்:
ஐஸ் கொடுத்து உதவியவர் காஜா முகைதீன், மேலப்பாளையம்.
மதிப்பீட்டாளர் அந்த வரிக்கு அருகே
ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்:
குளிர்ப்பிரதேச உயிரிக்கு ஐஸ் எதற்கு?

பனி கொட்டும் ஊர்க்காரராக இருக்கவேண்டும்.